வெள்ளையிருட்டும் வயித்துத்தவளையும்

றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், மேல்கணக்கு என்கிற மேல்பிரிவில் யாரும் பனிமூட்டம் என்று சொல்வதில்லை. "வெள்ளையிருட்டு எறங்குது, வெரசா கொழுந்தக் கட்டுங்க" என்றுதான் சொல்வார்கள். அட்டை காலில் ஏறினால் முத்தப்பூச்சி ஏறிவிட்டது என்பார்கள். வரிசை வீடுகளை லயம் என்கிற அந்த ஊரில், ரயிலுக்கு ஓடுற லயம் என்று பெயர். கங்காணியும் இப்படித்தான் பேசுவார், அவருக்கு மேலே இருக்கும் அதிகாரி கண்டாக்கு ஐயாவும் இப்படித்தான் பேசுவார். புதிதாக வருகிறவர்களுக்கு, இந்த ஜனங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தோன்றும். ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் நாகலெட்சுமி பார்த்த வேலை.

நாகலெட்சுமி, மேல்கணக்கில் இருக்கும் பிள்ளை மடுவத்தின் ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் குழந்தைகளை விட்டுவிட்டு, நடுவில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு, மாலையில் தூக்கிக்கொண்டு போகும் இடம் அது. அவள் ஒன்றும் பிள்ளை பார்ப்பதற்கென்றே பிறந்தவள் அல்ல. மற்றவர்களைப் போலக் கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனவள்தான். ஆனால் அவளுடைய கைக்கும் வாய்க்கும் எப்போதும் போட்டி. வாய்தான் ஜெயிக்கும். பக்கத்து நிரைக்காரியிடம் ஒரு கதையை எடுத்துவிட்டால், சுற்றியிருக்கும் பத்துப் பேரின் கையும் நின்றுபோகும். கங்காணி தலையில் அடித்துக்கொள்வார். "ஒன் வாய் ஓடுற வேகத்துல கை ஓடுனா, இந்தத் தோட்டத்துக்கே நீதான் தொரை" என்பார். பழைய ஆயா மகனோடு கொழும்புக்குப் போனபோது, மடுவத்துக்கு நாகலெட்சுமியைப் போடலாம் என்று முதலில் சொன்னவரும் அவர்தான். பாசத்தில் சொல்லவில்லை, மலையில் கொஞ்சம் அமைதி கிடைக்கட்டும் என்று சொன்னார்.

அந்த வாய்க்கு ஏற்ற இடம் மடுவம்தான் என்பது போன பிறகுதான் தெரிந்தது. அங்கே இருப்பவர்கள் எல்லோருக்கும் கதை வேண்டும், யாருக்கும் அவசரம் இல்லை. பேசப் பேச அவர்களும் பேசினார்கள். பல் முளைக்காத வாய்களிலிருந்து வரும் பேச்சைப் பெரியவர்கள் பாதி கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நாகலெட்சுமி முழுசாகக் கேட்பாள். அவளுக்கு அதில் தீராத ஆசை.

பேர் வைக்கும் வழக்கம் மதுரனால் தொடங்கியது. அப்போது அவனுக்கு மூன்று வயது நிறைந்திருக்காது. ஒருநாள் மத்தியானம் பனி இறங்கி, கதவு வழியாக உள்ளே வந்து, தொட்டில்கள்கூடத் தெரியாமல் மூடிவிட்டது. மதுரன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, "ஆயா, வெள்ளையிருட்டு உள்ள வந்துருச்சு" என்றான். நாகலெட்சுமி சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. பிறந்ததிலிருந்து அந்தப் பனிக்குள்ளேயே நடக்கிறாள், அவளுக்கு இந்தச் சொல் ஒருநாளும் தோன்றவில்லையே என்று இருந்தது. ஒரு சொல் பிறந்திருக்கிறது, அதைச் சும்மா விடுவதா?

தோட்டத்தில் பிள்ளைக்குப் பேர் வைக்கும்போது, காதில் மூன்று தரம் பேரைச் சொல்லி, நாக்கில் சீனித் தண்ணீர் தொட்டுவைப்பார்கள். அவளுக்குத் தெரிந்த மரியாதை அதுதான். மதுரனை வாசலுக்குத் தூக்கிப்போய், "பேர நீயே காதுல சொல்லு" என்றாள்.

"காது எங்க ஆயா இருக்கு?" என்றான் மதுரன்.

"நீதான கண்டுபிடிச்ச, நீயே தேடு."

அவன் பனியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "இதுக்கு எல்லாப் பக்கமும் காதுதான்" என்று முடிவு சொல்லி, பனியைப் பார்த்து மூன்று தரம் கத்தினான். நாகலெட்சுமி சீனியைக் கரைத்து எல்லாப் பிள்ளைகளின் நாக்கிலும் தொட்டுவைத்தாள். அன்றைக்கு மாலை தாய்மார் வந்தபோது, மடுவமே வெள்ளையிருட்டு வெள்ளையிருட்டு என்று கத்திக்கொண்டிருந்தது. அடுத்த வாரமே அந்தச் சொல், காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? சீனி கிடைக்கிறது என்று தெரிந்ததும் ஆளாளுக்குப் பேர் வைக்கக் கிளம்பிவிட்டார்கள். ஒரு குட்டி, தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து "இது பப்பிளிப்பு" என்றது. நாகலெட்சுமி அதற்கெல்லாம் மசியமாட்டாள். "சும்மா வாய்க்கு வந்தது பேராகாதுடி. பேரு வேணும்னு மனசு அடிச்சுக்கிறப்ப வரும், அப்ப வா" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். மனசு அடித்துக்கொண்டு வந்தவை வேறு மாதிரி இருந்தன. உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போன காலைப் பிடித்துக்கொண்டு, "காலுக்குள்ள மத்தாப்பு" என்று ஒருத்தன் அழுதான். தும்மலுக்கு மூக்குவெடி என்று பேர் வந்தது. ரயிலுக்குப் பேர் வைத்த அன்று, பிள்ளைகளை வரிசையாக மேட்டில் நிறுத்தி, பதுளைப் பக்கம் போகிற ரயிலின் காதில் விழும்படி கத்தவைத்தாள். கார்டு பச்சைக் கொடியை ஆட்டிவிட்டுப் போனார். பேருக்குச் சம்மதம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள்.

அவளுடைய புருஷன் அழகன் கொட்டகலையில் ஆட்டோ ஓட்டுகிறவர். வீட்டில் கேட்டுக் கேட்டு அவருக்கும் இந்த வியாதி ஒட்டிக்கொண்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் இராசமணி டீச்சரை ஏற்றிப் போகும்போது, "மெதுவாத்தான் போவேன் டீச்சர், முன்னுக்கு வெள்ளையிருட்டு" என்று சொல்லிவிட்டார். "என்ன இருட்டெண்டு சொன்னனீங்கள்?" என்று டீச்சர் இரண்டு தரம் கேட்டாராம். மறுவாரம், "அழகன், இண்டைக்கும் வெள்ளையிருட்டுப் போல கிடக்கு" என்று அவரே சொல்லிக்கொண்டு ஏறினாராம். இதை அழகன் சொன்ன இரவு, நாகலெட்சுமிக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

மடுவத்தில் பேர் வைப்பதில் கெட்டிக்காரி லோஜினிதான். அவள் அப்பா நிரோஷனுக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. அம்மா ஜீவராணி, லோஜினி தவழ்ந்து திரிந்த காலத்திலேயே குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். கட்டிய வீட்டுக்குக் கூரை போட வேண்டும் என்று போனாள். கூரையும் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைகளில் ஜீவராணி வீடியோவில் அழைப்பாள். நிரோஷன் வேலையில் இருப்பான் என்பதால் அழைப்பு நாகலெட்சுமியின் போனுக்கு வரும். மடுவத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று போனைப் பிடித்துக்கொள்வது நாகலெட்சுமியின் வேலை. லோஜினி போனுக்கு முத்தம் கொடுப்பாள், பருப்புச் சோறு ஊட்டுவாள். துடைத்துத் துடைத்து அந்தப் போன் மஞ்சள் நிறமாகிவிட்டது. "அம்மா எப்ப வரும்?" என்று யாராவது கேட்டால், "தூக்கத்துக்கு அங்கிட்டு வரும்" என்பாள் லோஜினி. நாளை என்பதற்கு அவள் வைத்த பேர் அது. விக்கலுக்கு அவள் வைத்தது வயித்துத்தவளை. தவளைக்குக் காது எங்கே என்று தேடி, தன் தொப்புளுக்குள் குனிந்து சொல்லப் பார்த்து உருண்டு விழுந்தாள். அந்தப் பேருக்கு நாகலெட்சுமி சீனி இரண்டு தரம் தொட்டாள்.

அந்த அங்கிட்டு ஒருநாள் வந்தேவிட்டது. ஜீவராணி கட்டுநாயக்கா ஏர்போட்டிலிருந்து வேனில் வந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மடுவத்துக்கு ஓடிவந்தாள். கை நிறையச் சொக்லட், கண் நிறையத் தண்ணீர். "லோஜிக்குட்டி" என்று கையை நீட்டினாள்.

லோஜினி, நாகலெட்சுமியின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். நாகலெட்சுமி முன்னால் இழுத்துவிட்டாள். திரும்பவும் ஒளிந்தாள். பிறகு எட்டி, நாகலெட்சுமியின் கையிலிருந்த போனைப் பிடுங்கி, கறுப்பாக இருந்த திரையிடம் ரகசியமாகச் சொன்னாள்: "அம்மா, இங்க யாரோ வந்திருக்காங்க."

ஜீவராணி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நாகலெட்சுமி குனிந்து அவள் தோளைப் பிடித்தாள். அதே நேரம், பிள்ளை தன் சேலையைத்தான் பிடித்தது என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் இனித்தது. அப்படி இனித்ததற்காக அவளுக்கே தன்மேல் எரிச்சல் வந்தது.

"பழகிரும் ஜீவா, ரெண்டு நாள்ல பழகிரும்" என்றாள்.

பழகவில்லை. சொக்லட்டை வாங்கிக்கொள்ளும், மடிக்கு வராது. குவைத்துச் சட்டையைப் போட்டுக்கொள்ளும், போட்டுவிட்ட கையைத் தட்டிவிடும். பேசும் பேச்சோ ஜீவராணிக்குப் பாதி விளங்கவில்லை. முத்தப்பூச்சி வருது என்றால் யார் வருகிறார்கள் என்று வாசலை எட்டிப் பார்ப்பாள். போனில் பேசியபோது பிள்ளை சொன்னதெல்லாம் மழலை என்று நினைத்துச் சிரித்துவிட்டாள். இப்போது ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு சிரித்துச் சமாளிக்க முடியவில்லை.

அப்புறம் அந்தத் தவளை விவகாரம் நடந்தது. ஒரு காலையில் ரொட்டியை அவசரமாக விழுங்கிவிட்டு, லோஜினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வயித்துக்குள்ள தவளை வந்துருச்சு, குதிக்குது, குதிக்குது" என்று அழுதாள். ஜீவராணிக்கு உயிரே போய்விட்டது. வீட்டுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் காணில் தவளைக் குஞ்சுகள் கிடந்ததை அவள் பார்த்திருக்கிறாள். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புக்கூட இல்லாமல் டிஸ்பென்சரிக்கு ஓடினாள். வழியில் கொழுந்து பறித்தவர்களிடம், "எம் புள்ள தவளைய முழுங்கிருச்சு!" என்று கதறினாள்.

டிஸ்பென்சரி ஐயா கதையைக் கேட்டார். ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து லோஜினியிடம் கொடுத்தார். "குடி கண்ணு, தவளை தண்ணியில நீந்திப் போயிரும்" என்றார். குடித்தாள். நீந்திப் போய்விட்டது. வரிசையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் கூரை அதிர்ந்தது. அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. ஆனால் ஜீவராணி சிரிக்கவில்லை.

அவள் அங்கிருந்து நேரே மடுவத்துக்கு வந்தாள். பிள்ளையை இறக்கிவிட்டாள். லோஜினி திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடிவிட்டாள்.

"அக்கா, ஒங்கள கையெடுத்துக் கும்பிடுறேன்" என்றாள் ஜீவராணி. "டிஸ்பென்சரி ஐயாவுக்குத் தெரியுது. கங்காணிக்குத் தெரியுது. ஓட்டோ ஓட்டுற ஒங்க வீட்டுக்காரருக்குத் தெரியுது. பெத்தவ எனக்குத்தான் எம் புள்ள பேசுறது தெரியல."

"அது அப்படி இல்ல ஜீவா..."

"வேற எப்படிக்கா? நான் இல்லாமலே நல்லாத்தான் வளந்திருக்கு. நான் வந்துதான் அதுக்குத் தொந்தரவு. அட்டன் ஏஜென்சிக்காரரு குவைத்துல பழைய வீட்டுக்காரங்களே திரும்பக் கூப்புடுறதாச் சொல்றாரு. பாஸ்போட்டக் குடுத்துட்டுப் போயிர்றேன். போன்ல இருக்கிற அம்மாவத்தான அதுக்குப் புடிக்குது, அங்கேயே இருந்துக்கிறேன்."

எதற்கும் பதில் வைத்திருக்கும் நாகலெட்சுமிக்கு அன்று வாய் வரவில்லை. வீட்டுக்குப் போயும் வரவில்லை. அழகன் இரண்டு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்ச இல்ல, என்னா ஆச்சு ஒனக்கு?" என்றார். "பேரு பேருன்னு வச்சு, ஒரு தாயையும் புள்ளையையும் பிரிச்சுட்டேங்க" என்று சொல்லி அழுதாள். அழகனுக்கு ஆறுதல் சொல்ல வராது. "பிரிச்சவளுக்குச் சேக்கத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார். அந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை.

காலையில் ஜீவராணியின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். "இன்னைக்கு எனக்குக் கூடமாட ஆள் இல்ல. ஏஜென்சிக்குப் போறது நாளைக்குப் போலாம். வா" என்றாள். ஜீவராணி முகத்தைத் திருப்பினாள். "ஒம் புள்ளகிட்ட நீ போகவே வேண்டாம். மத்த புள்ளைங்க இருக்குல்ல, அதுகளுக்குத் தல வாரிவிடு" என்றாள் நாகலெட்சுமி. அதற்குமேல் எப்படி மறுப்பது? வந்தாள்.

நாகலெட்சுமி சொன்னபடியே செய்தாள். லோஜினி பக்கம் ஜீவராணியை அனுப்பவே இல்லை. எண்ணெய்ப் போத்தலைக் கையில் கொடுத்து, பாயில் உட்காரவைத்தாள். முதலில் மதுரன் வந்து முன்னால் உட்கார்ந்தான். அவன் இப்போது பெரிய ஆள், அடுத்த வருஷம் பள்ளிக்கூடம். ஜீவராணி எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்து, அவன் தலையில் வைத்து அழுத்தினாள். குவைத்தில் அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தேய்த்துத் தேய்த்துப் பழகிய கை. மதுரனுக்குக் கண் சொருகிவிட்டது. அதைப் பார்த்ததும் பின்னால் வரிசை நீண்டது. ஒன்று மடியில் ஏறியது, ஒன்று தோளில் தொங்கியது. ஒன்றுக்கு மூக்கைத் துடைத்தாள், இன்னொன்றுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டாள்.

லோஜினி தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாகலெட்சுமி அவளைப் பார்க்காத மாதிரி அடுப்பைக் கிண்டினாள். கண் மட்டும் அங்கேதான். கூப்பிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த வாய்க்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

லோஜினி தூணை விட்டாள். மெல்ல வந்து, வரிசையைத் தள்ளிக்கொண்டு முன்னால் நின்றாள். ஜீவராணியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். திருப்பிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்தாள். பிறகு அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். லோஜினி கையை விடாமல் தலையைத் திருப்பினாள்.

"ஆயா, போன் அம்மாவுக்குக் கை இல்ல."

"இல்லதான்" என்றாள் நாகலெட்சுமி.

"போன் அம்மா தலையத் தொடாது. இது தொடுது." வயித்துத்தவளையைக் கண்டுபிடித்த அன்று இருந்த அதே முகம். "இது கையம்மா" என்றாள்.

புதுப்பேர் பிறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். லோஜினி மடியில் ஏறினாள். இந்தத் தடவை காதைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஜீவராணியின் தலைமுடியை ஒதுக்கி, காதோடு வாயை வைத்துச் சொன்னாள். கையம்மா. கையம்மா. கையம்மா. நாகலெட்சுமி சீனியைக் கரைப்பதற்குள் பாதியைக் கொட்டிவிட்டாள். முதல் சொட்டை ஜீவராணியின் நாக்கில் தொட்டுவைத்தாள். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். பிள்ளைகளுக்கு ஏன் அழுகிறாள் என்று தெரியவில்லை. அவர்களுக்குச் சீனிதான் முக்கியம்.

அந்த நேரம் பார்த்து, ஜன்னலோரம் இருந்த ஜீவராணியின் போன் அடித்தது. அவள் இரண்டு கையிலும் எண்ணெய். லோஜினி இறங்கி ஓடிப்போய் எடுத்தாள். பச்சையை எங்கே தொட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அட்டன் ஏஜென்சிக்காரருடைய குரல் மடுவம் முழுக்கக் கேட்டது.

"ஹலோ, ஜீவராணிங்களா? பாஸ்போட் எப்ப கொண்டாறீங்க?"

"இது கையம்மா" என்றாள் லோஜினி கறாராக. "இது போனுக்குள்ள வராது."

"என்னாது? யாரு பேசுறது? பெரியவங்ககிட்ட குடு பாப்பா."

ஜீவராணி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

"புள்ள என்னமோ சொல்லுதே, எனக்கு ஒண்ணும் வெளங்கலையே?" என்றார் அவர்.

"எனக்கு வெளங்குதுங்க" என்றாள் ஜீவராணி. "நான் வரலைங்க."